பெயர் போடாத கடிதம்

ஏரிக்கரை திரும்பியதும் ஞானராஜ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"ஏண்டா?"

"காலேஜ் வாசல்ல போட்டுக்கறேண்ணா. இப்பவே தேஞ்சிடும்."

அவன் வளர்ந்த அநாதை இல்லத்தில் செருப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான். மற்ற நாட்களில் அது அலமாரியில் நம்பர் போட்ட கட்டத்துக்குள் இருக்கும். பதினெட்டு வயது முடிந்தவன், பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தவன், கையில் செருப்போடு மண் ரோட்டில் என் பின்னால் வந்துகொண்டிருந்தான். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு துணிப்பை. அதில் அவனுடைய மார்க் ஷீட், என்னுடைய ஒரு லுங்கி, ஒரு சட்டை.

தூரத்தில் மணி அடித்தது. அவன் கால் தானாக நின்றுவிட்டது.

"கஞ்சி மணிண்ணா."

"அது நமக்கு இல்ல. நட."

நடந்தான். ஆனால் மணி அடித்து ஓயும்வரை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேதான் நடந்தான்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். கல்லூரிகளில் ஆள் சேர்க்கும் மாதம். இன்று அந்தப் பாதையில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. ரோட்டின் இரண்டு பக்கமும் கார்கள் வெயிலில் வரிசையாக நிற்கின்றன. அன்று ஒரகடம் என்றால் ஏரி, கொல்லை, முள்ளுச்செடி. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ரயில் பிடிக்க சிங்கப்பெருமாள் கோவில் வரை ஏழு மைல் நடக்க வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குள் கல்லூரியில் இருக்க வேண்டும். மூன்று மணிக்கு மேல் அவன் பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். கல்லூரியிலிருந்து வந்த கார்டில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

அதே கார்டில் இன்னொரு வரியும் இருந்தது. தாய் தந்தை அல்லது பாதுகாவலர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்.

பெட்டி கொடுக்கும் நாள்

அந்த இல்லத்தில் நான் எட்டு மாதம் சமையற்கட்டில் இருந்தேன். அறுபது பிள்ளைகளுக்குக் கஞ்சி, குழம்பு, வாரம் ஒரு முட்டை. அதற்கு முன் லாரியில் கிளீனர், கல் குவாரி, சர்க்கஸில் கூடாரம் கட்டும் ஆள். ஓரிடத்தில் எட்டு மாதம் இருந்ததே எனக்கு அதிகம்.

பதினெட்டு முடிந்தவர்களை அனுப்பி வைக்க அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலை ஜெபம் முடிந்ததும் பையன்களை வரிசையில் நிற்க வைப்பார்கள். ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி, இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு கடிதம். சின்னப் பிள்ளைகள் பாட்டுப் பாடுவார்கள். பாட்டு முடியும்போது கேட் திறந்திருக்கும்.

கடிதம் மறைமலை நகரில் இருந்த ஒரு வார்ப்படக் கம்பெனிக்கு. ஸ்டென்சில் வெட்டி ஒரே மாதிரி பல பிரதி உருட்டியது. கையெழுத்தும் சீலும் மட்டும் புதிதாக இருக்கும். "இக்கடிதத்தைக் கொண்டு வருபவர் எங்கள் இல்லத்தில் வளர்ந்தவர். கீழ்ப்படிதல் உள்ளவர். தங்கள் தொழிற்சாலையில் ஹெல்பராகச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்." பெயர் எழுத இடமே விட்டிருக்க மாட்டார்கள். வருஷத்துக்கு ஏழெட்டுப் பேர் போவார்கள். எந்த ஏழெட்டு என்று கேட்க ஆள் இல்லை.

ஞானராஜ் பெட்டியை வாங்கவில்லை. "ஐயா, எனக்கு பிஎஸ்சி சீட்டு கெடச்சிருக்கு. கார்டியன் கையெழுத்து வேணும்" என்றான். அந்த சீட்டுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தவன் நான். காய்கறி வாங்கப் போன நாளில் வாங்கி, அடுப்படியில் உட்கார்ந்து இருவரும் நிரப்பினோம். ஓரத்தில் மஞ்சள் கறை இருந்தது. அதோடுதான் அனுப்பினோம்.

மேனேஜர் ஐயா கெட்டவர் இல்லை. அறுபது வாய்க்கு அரிசி தேடி ஊர் ஊராக அலைந்தவர். ஒருவன் வெளியே போனால்தான் புதிதாக வரும் ஒருவனுக்குப் பாய் கிடைக்கும். அது எனக்கும் தெரியும்.

"ஒனக்குக் கையெழுத்து போட வருஷா வருஷம் நான் வந்து நிக்கணுமா?" என்றார். "இன்னிக்கி ஒருத்தனுக்குப் போட்டா நாளைக்கி எல்லாரும் காலேஜ்னு வந்து நிப்பானுங்க."

"நிக்கட்டுமே ஐயா" என்றேன். கையில் கரண்டியோடு கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சமையக்கட்டுக்காரனுக்கு இங்க இன்னா பேச்சு?"

"அப்ப சமையக்கட்டே வேணாம்யா."

கரண்டியை ஜெப மேஜை மேலேயே வைத்தேன். கஞ்சி வழிந்து விரிப்பில் பட்டது. அதைத் துடைத்துவிட்டு வந்திருக்கலாம். செய்யவில்லை.

வெளியே வரும்போது மேனேஜர் ஐயா ஞானராஜின் சட்டைப் பையில் கடிதத்தைத் திணித்தார். "பசிக்கும்போது இத எடுத்துனு போ. கம்பெனில சேத்துப்பாங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் அவனுக்கு வலித்தது.

ஏரிக்கரையில் அவன் அதைத் தண்ணீரில் எறியப் போனான். கையைப் பிடித்தேன்.

"இங்க குடு."

"எதுக்குண்ணா?"

"பீடி பத்த வைக்க ஆவும்."

கழுவிய கிளாஸ்

பாதி வழியில் ஒரு டீக்கடை. இரண்டு பெஞ்ச், ஒரு பாய்லர், பாட்டுப் பெட்டி. பெஞ்சில் நாலைந்து பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். டீ வாங்கி அவனிடம் கொடுத்தேன். குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

"குடிடா."

அதற்குப் பிறகுதான் குடித்தான். யாராவது சொன்னால்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது இல்லத்துப் பழக்கம். குடித்து முடித்ததும் இன்னொரு பழக்கத்தைச் செய்தான். தொட்டியில் தண்ணீர் மொண்டு கிளாஸைக் கழுவி, உதறிக் கவிழ்த்தான். இல்லத்தில் யார் சாப்பிட்ட தட்டை அவரவர்தான் கழுவ வேண்டும். மூன்று வயதிலிருந்து அவன் அப்படித்தான்.

கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அத அங்க கொண்டு போய் கவுத்து" என்று வேப்பமரத்தடியைக் காட்டினார். அங்கே ஒரு பலகை மேல் தனியாக நாலு கிளாஸ் இருந்தது.

அந்தப் பலகை யாருக்கு என்பது இந்தப் பக்கத்தில் நடந்து திரிந்த எல்லாருக்கும் தெரியும். அந்தக் கிளாஸில் குடிப்பவர்கள் தாங்களே கழுவி வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. ஞானராஜுக்குத் தெரியாது. சொன்னதைச் செய்பவன், எடுத்துக்கொண்டு நடந்தான். நான் குறுக்கே போய் வாங்கிக்கொண்டேன்.

"எந்தத் தெரு தம்பி நீ?" என்றார் கடைக்காரர்.

"தெரியாதுண்ணா."

"தெரியாதா? அப்பன் பேரு?"

"அதுவும் தெரியாதுண்ணா."

பெஞ்சிலிருந்து ஒருவர் பேப்பரைத் தாழ்த்தாமலேயே சொன்னார். "அட்ரஸ் இல்லாத லெட்டரு."

எல்லாரும் சிரித்தார்கள். ஞானராஜும் கொஞ்சம் சிரித்தான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

என் கிளாஸையும் எடுத்துத் தொட்டியில் கழுவினேன். இரண்டையும் கொண்டுபோய் கடைக்காரரின் கைக்குப் பக்கத்தில், பெஞ்சுக்காரர்களின் கிளாஸ்களுக்கு நடுவில் கவிழ்த்தேன்.

"டேய், இன்னாடா பண்ற?"

"எடுத்த எடத்துல வெக்கிறேன்."

"எதெதுன்னு இப்ப எப்பிட்றா தெரியும்? எல்லாத்தையும் கலந்துட்டியே."

"தெரியாதில்ல? அப்ப எல்லாரும் குடிங்க."

யாரோ எழுந்தார்கள். நாங்கள் வேகமாக நடந்தோம். ஓடினோம் என்று சொன்னாலும் தப்பில்லை.

தோப்பு தாண்டியபின் அவனிடம் சொன்னேன். "வெளிய எங்க குடிச்சாலும் கிளாஸக் கழுவாத." ஏன் என்று கேட்டான். சொன்னேன். பலகை, பெஞ்ச் எல்லாம். கேட்டுக்கொண்டே வந்தான். கொஞ்ச தூரம் போனபின் சொன்னான்:

"அப்ப அந்த பெஞ்சுல குந்திகினு இருந்தவங்களும் கழுவட்டும்ணா."

இதற்கு மேல் அவனுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க?

ஆனால் சொல்லிக்கொடுக்க மற்ற விஷயங்கள் நிறைய இருந்தன. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் அவனையே டிக்கெட் வாங்கச் சொன்னேன். கவுன்டரில் நின்று, காசை நீட்டி, வாயைத் திறக்காமல் காத்திருந்தான். கேட்காமலே எல்லாம் வரும் இடத்தில் வளர்ந்தவன். பின்னால் நின்ற அம்மாள், "இன்னாப்பா, சாமி வந்துடுச்சா? எங்கனு சொல்லு" என்று முதுகில் தட்டினாள். அதற்குப் பிறகு சொன்னான். கணீரென்று, ஸ்டேஷன் மொத்தமும் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

அப்பா பெயர் ஒன்றுதான்

கல்லூரியின் பெயர் வேண்டாம். பெரிய வராந்தா. குடையும் மஞ்சள் பையுமாக அப்பாக்கள் வரிசை. ஞானராஜ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டான். எங்கள் முறை வந்தபோது இரண்டு மணி தாண்டியிருந்தது.

மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு கிளார்க். களைத்துப் போயிருந்தார்.

"சாதிக் கட்டத்துல ஒண்ணும் எழுதலியே?"

"தெரியாது சார்" என்றான் ஞானராஜ்.

"சர்டிபிகேட் இல்லேன்னா பொதுவுல போயிடும். பரவாயில்லியா?"

"போவட்டும் சார். மார்க்கு இருக்கு."

அவர் மார்க் ஷீட்டைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். படிவத்தில் அடுத்த கட்டத்துக்குப் போனார்.

"அப்பா வந்துருக்காரா?"

"இல்ல சார்."

"அம்மா?"

"இல்ல சார்."

"யாரு கையெழுத்து போடறது?"

"நான் சார்" என்று முன்னால் போனேன். கிழிந்த காலர், காலில் ஏழு மைல் புழுதி.

"நீ யாரு இவனுக்கு?"

"அண்ணன்."

"கூடப் பொறந்த அண்ணனா?"

"ஆமா சார்."

"கூடப் பொறந்தவன்னா அப்பா பேரு ஒண்ணா இருக்கணுமே. ஒங்கப்பா பேரு இன்னா?"

ஒரு பெயர் சொல்லியிருக்கலாம். அதுவரை என் வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு ஏழெட்டுப் பெயர்கள் சொல்லியிருக்கிறேன். மிலிட்டரிக்காரர், பஸ் டிரைவர், பர்மாவில் செத்தவர். அன்று வாயில் வேறு வந்தது.

"அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒண்ணுதான் சார்."

வரிசையில் பின்னால் நின்றவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். ஞானராஜ் என்னையே பார்த்தான்.

வாசகர்களிடமும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொடரின் முதல் வாரத்தில், பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு ஓடினேன் என்று எழுதினேன். பாதிப் பொய். ஓடியது உண்மை. ஓடியது வேலூர்ப் பக்கம் இருந்த ஓர் இல்லத்தை விட்டு. ஏழாம் வகுப்பில் பாதி. ஒரு நாள் விடியற்காலை மணி அடித்தது. எல்லாரும் எழுந்தார்கள். நான் மதில் ஏறினேன். இல்லத்தில் வளர்ந்தவன் என்றால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஓர் இரக்கம் வரும். கூடவே கண் தன் பர்ஸைத் தேடும். அந்த இரண்டும் வேண்டாம் என்றுதான் மறைத்தேன். வெட்கத்தால் இல்லை.

கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இன்னா வேல செய்ற?"

"கம்பெனில."

"எந்தக் கம்பெனி?"

சட்டைப் பையில் கை வைத்தேன். கடிதம் இருந்தது. அதன் மேல் இருந்த வார்ப்படக் கம்பெனியின் பெயரைச் சொன்னேன்.

எழுதிக்கொண்டார். "அடுத்த வெள்ளிக்குள்ள கம்பெனிலேர்ந்து ஒரு சர்டிபிகேட் கொண்டா. வேலையும் அட்ரஸும் இல்லாத ஆளு கையெழுத்த ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. வரலேன்னா சீட்ட எடுத்துடுவாங்க. அப்பறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

"அழ மாட்டோம் சார்" என்றான் ஞானராஜ்.

கையெழுத்துப் போட்டேன். ஏழாம் வகுப்புக் கையெழுத்து. எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும்.

திரும்பி வரும் ரயிலில் அவன் செருப்பைக் கழற்றிப் பையில் வைத்தான். கூடுவாஞ்சேரி வந்தபின் கேட்டான்.

"நீங்களும் ஹோமாண்ணா?"

"ம்."

"அதான் நீங்களும் சாப்ட்ட தட்ட நீங்களே கழுவுவீங்க."

எட்டு மாதமாக அதைக் கவனித்திருக்கிறான்.

உள்தாழ்ப்பாள்

சிங்கப்பெருமாள் கோவிலில் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. ஓட்டுக் கூரை, ஒரு ஜன்னல், ரப்பர் சொல்யூஷன் வாடை. வீட்டுக்கார அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு ரெண்டு பேரும்?"

"அண்ணன் தம்பி."

"மூஞ்சி ஒத்துப் போவலியே."

"அம்மா வேறம்மா" என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவளிடம் பாயும் பாத்திரமும் ஸ்டவ்வும் இரவல் வாங்கி, பொழுது சாயும் முன்பே அடுப்பைப் பற்ற வைத்தோம். ஞானராஜ்தான் சமைத்தான். இல்லத்தில் முறைவாரியாக அடுப்படி வேலை பார்த்தவன். ஆனால் உப்புப் போடும்போது கை திணறியது. அறுபது பேருக்கு எத்தனை கை என்று தெரியும். இரண்டு பேருக்குத் தெரியாது. குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்தோம்.

பாய் விரித்தபின் அவன் உட்கார்ந்தபடியே இருந்தான்.

"இன்னாடா?"

"கதவ யாருண்ணா பூட்டுவாங்க?"

புரிய ஒரு நிமிஷம் ஆனது. படுக்கைக் கூடத்தை இல்லத்தில் வெளியிலிருந்து பூட்டுவார்கள். பூட்டுச் சத்தம் கேட்டால்தான் படுக்கலாம்.

"நீதான். உள்ளருந்து."

தாழ்ப்பாளைக் காட்டினேன். எழுந்துபோய்ப் போட்டான். திறந்தான். மறுபடி போட்டான். நாலைந்து தடவை அப்படியே செய்தான்.

பிசிறு

மறுநாள் விடியும் முன்பே கிளம்பினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளின் காற்று முகத்தில் அடிக்க மறைமலை நகருக்கு நடந்தேன். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை உள்ளே விட்டான். ஷெட்டுக்குள் கருகிய மண் வாசனை. சூப்பர்வைசர் கடிதத்தை விரித்தார். நான்கு மடிப்பு, வியர்வைக் கறை, ஓர் ஓரத்தில் உண்மையாகவே பீடி சுட்ட ஓட்டை.

"ஹோம்லேர்ந்து சின்னப் பசங்கதான வருவானுங்க? நீ இன்னா எனக்கு அண்ணன் மாதிரி கீற?"

"ஹோம்ல வளந்தவன்தான் சார்."

"எந்த வருசம் வெளிய வந்த?"

"ஏழாவது படிக்கச் சொல்ல."

"இப்ப வயசு இன்னா?"

"முப்பத்திரண்டு."

"இத்தினி வருசமா இந்த லெட்டர எடுத்துனு நடந்தே வந்தியா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எதற்கு என்று எனக்குத் தெரியும்.

"பேரே போடலியே இதுல" என்றார்.

"யாரு கொண்டு வந்தாலும் அவன்தான் சார். கொண்டு வந்தவன் நான்."

கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவை படித்தார். கீழ்ப்படிதல் உள்ளவர் என்ற இடத்தில் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"சர்டிபிகேட் ஒண்ணு வேணும் சார், காலேஜுக்கு. வெள்ளிக்குள்ள."

"உள்ள வந்து அஞ்சு நிமிசம் ஆவல, சர்டிபிகேட்டா? மொதல்ல வேலையப் பாரு. வெள்ளி வரைக்கும் நின்னா தரேன். ஹோம் பசங்க நல்லாத்தான் செய்வானுங்க, ஆனா ஒரு மாசத்துல எங்கனா ஓடிடுவானுங்க. நீ எத்தினி நாளு?"

என் கணக்கில் எட்டு மாதத்துக்கு மேல் எந்த இடமும் இல்லை.

"மூணு வருசம் சார்."

"அது இன்னா சரியா மூணு வருசம்?"

"தம்பி படிப்பு முடியணும்."

அவர் கடிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அச்சிலிருந்து வந்த இரும்புத் துண்டுகள் தரையில் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பிசிறு. அதைத் தேய்த்து எடுப்பதுதான் ஹெல்பர் வேலை. ஒரு அரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். முந்தைய ஷிப்டில் அதைப் பிடித்திருந்தவன் அப்போதுதான் வைத்துவிட்டுப் போயிருந்தான். பிடி இன்னும் சூடாக இருந்தது.